தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்? பென்ஷன் காகிதத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று இன்றைக்கும் இரண்டு மூன்று வீடுகளைச் சொல்வார்கள். பட்டாளத்துக்குப் போனவர் கண்ணை மூடி முப்பது நாற்பது வருஷம் ஆகியிருக்கும். எந்தப் படை, எத்தனை வருஷம் என்று கேட்டால் "பர்மா சண்டைக்குப் போனாரு" என்பதோடு பேரப்பிள்ளைகளின் பேச்சு நின்றுவிடும். என் அம்மாவின் அப்பா விஷயத்தில் நானும் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த பென்ஷன் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் தேடவே ஆரம்பித்தேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது படை எண், அதாவது படையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த எண். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எந்த அலுவலகத்திலும் வேலை நகராது, ஏனென்றால் முனுசாமியும் சின்னசாமியும் ஒரு படைப்பிரிவில் நூறு பேர் இருந்திருப்பார்கள், அதிலும் ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் கேட்ட மாதிரியெல்லாம் எழுதியிருப்பார், சின்னசாமி என்பதை 'சி' போட்டும் எழுதுவார்கள், 'எஸ்' போட்டும் எழுதுவார்கள். எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை. பென்ஷன் ஆணை, படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், படையிலிருந்து வந்த கடித உறை, சீருடையில் எடுத்த போட்டோவின் பின்பக்கம், முன்னாள் படைவீரர் என்ற முறையில் நிலம் ஒதுக்கியிருந்தால் அந்த உத்தரவு, எல்லாவற்றையும் பாருங்கள். முதல் உலகப்போர்க்காரர் என்றால் பதக்கத்தின் முகப்பை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அந்த மெல்லிய விளிம்பிலேயே பொறித்திருக்கும். அந்தப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால், அவர் தொழிலாளர் படை மாதிரி துணைப் பணிகளில் போனவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பென்ஷன் ஆணை கையில் கிடைத்தால் அவசரப்படாமல் ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பணத்தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம், ஆனால் நமக்கு வேண்டியது மற்ற கட்டங்களில்தான் இருக்கிறது. சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, கடைசிப் பதவி, பிரிவின் பெயர், எந்தக் கருவூலத்தில் அல்லது தபால் ஆபீசில் பணம் வாங்கினார் என்பது, பிறகு அங்க அடையாளம். எங்கள் தாத்தாவின் தாளில் கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில் இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு என்று இருந்தது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டியதும் "ஆமா, அதை நான் சின்னப் புள்ளையில தடவித் தடவிப் பார்ப்பேன்" என்றார். அந்த ஒரு வரியில் ஆள் அவர்தான் என்று உறுதியாகிவிட்டது. பிற்கால ஆணைகளில் ஆணையின் எண் (படை எண் அல்ல) எஸ் என்று தொடங்கினால் பணிக்கால ஓய்வூதியம், எஃப் என்றால் குடும்ப ஓய்வூதியம், டி என்றால் உடல் ஊனத்துக்கானது. எண்ணின் கடைசியில் ஆணை போட்ட வருஷமும் இருக்கும்.

ஊர்ப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து மாவட்டமும் தாலுகாவும்தான் தாளில் இருக்கும். திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காடு என்று இருப்பார், தர்மபுரிக்காரர் 1965-க்கு முன் என்றால் சேலம் என்று இருப்பார். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம், பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் ஆள் எடுப்பவர் கணித்ததுதான் வயது.

சரி, பென்ஷன் காகிதமே இல்லை என்றால்? 'அப்போ அவர் பட்டாளத்திலேயே இல்லையோ' என்று நிறையப் பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள், இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷ சேவை வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியது, போர் முடிந்ததும் அதில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷம், ஐந்து வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்தவர்களுக்குக் கையில் ஒரு தொகையும் ஒரு சான்றிதழும்தான், மாதப் பென்ஷன் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு பின்னால் மாத உதவித்தொகை கொடுத்தது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருப்பார்கள், கூடவே டிஸ்சார்ஜ் சான்றின் நகலும் கொடுத்திருப்பார்கள். முதலில் அங்கே போய்க் கேளுங்கள், நேரில் போவது நல்லது.

அடுத்தது ஆவண அலுவலகம், பட்டாளத்துக்காரர்கள் 'ரெக்கார்ட்ஸ்' என்பார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, உழைப்புப் பணிகளுக்கான பயனியர் கோர் என்றாலும் பெங்களூரு. தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மருத்துவப் படை லக்னோ, வண்டி, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. செகந்திராபாத். பென்ஷன் ஆணைகளைப் போட்டது அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். பணி விவரம் வேண்டுமென்றால் அங்கே எழுதுவதைவிட ரெக்கார்ட்ஸுக்கு எழுதுவதே சரி.

கடிதத்தில் எண், பதவி, பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள், தகப்பன் பெயர், பழைய மாவட்டத்தோடு ஊர், தெரிந்த தேதிகள், நீங்கள் என்ன உறவு என்பதற்கு வாரிசுச் சான்று நகல், எல்லாம் வையுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் பணிக் கோப்புகளை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. எனவே 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரிப் பதில் வரலாம். மனம் உடைய வேண்டாம். லாங் ரோல் என்றொரு பதிவேடு உண்டு, கோப்புகள் போன பிறகும் அதை வைத்திருப்பார்கள். சேர்ந்தது, விலகியது, எதனால் விலகினார் என்பது அதில் சுருக்கமாக இருக்கும். கடிதத்திலேயே "லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எனக்கு முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அப்புறம் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குத்தான் பதில் வந்தது.

போரிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தாவ்க்யான் நினைவிடத்தில் மட்டும் சுமார் 27,000 இருக்கின்றன. பல பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், சொந்த ஊர் எல்லாம் உண்டு. பெயரில் கிடைக்காவிட்டால் ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள், இல்லை எண்ணை மட்டும் போட்டுப் பாருங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் முதல் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர் என்றால் இன்னொரு கதவும் உண்டு. அவர்களில் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள், அதனால் வீட்டில் 'பட்டாளத்துப் பென்ஷன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் தியாகி பென்ஷனாக இருக்கலாம். அந்தக் கோப்பு ராணுவத்திடம் இருக்காது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மெட்ராஸ் ஆர்மிக்காரரைத் தேடுகிறவர்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும், ராணுவத் துறையின் பழைய தொகுதிகள் அங்கே இருக்கின்றன. தனி ஒரு சிப்பாயைப் பிடிப்பது அங்கே கடினம், பல நாள் உட்கார வேண்டியிருக்கும்.

கையில் இருக்கும் காகிதத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். மடிப்பில் செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, சித்தப்பா பெரியப்பா வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அசலைப் பழையபடி பருத்தித் துணியிலேயே சுற்றி வையுங்கள்.