இணையத்தை வைத்துக் கணக்கு படிப்பவர்களும் நடத்துபவர்களும் செய்யும் தவறுகள் (பாதிக்கு மேல் நான் செய்தவை)

வருடா வருடம் எங்கள் பள்ளிக்குப் பி.எட். பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள். முன்பெல்லாம் கையில் சார்ட் சுருட்டிக்கொண்டு வருவார்கள், இப்போது லேப்டாப். போன வாரம் அவர்களில் ஒருவர் ஏழாம் வகுப்பில் ஜியோஜீப்ரா என்ற வடிவியல் வரையும் மென்பொருளைத் திறந்து ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சியை மவுஸால் இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினார். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, கீழே கூடுதல் மட்டும் 180° என்று அசையாமல் நின்றது. “பாத்தீங்களா, நிரூபிச்சாச்சு” என்றார். பின் பெஞ்சில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடத்துக்கு முன் நான் இதே வார்த்தையை இதே தோரணையில் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இது. வைஃபை போவது, புரொஜெக்டர் மக்கர் செய்வது மாதிரி விஷயங்களை எழுதவில்லை, அவை ஒரு தடவை பட்டாலே புத்தி வந்துவிடும்.

பென்சில் இல்லாமல் வீடியோ பார்ப்பது

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற கணிதப் பேராசிரியர் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. 1999-இல் படமெடுத்தவை, முப்பதுக்கும் மேல். முதல் வகுப்பிலேயே 2எக்ஸ் − ஒய் = 0, −எக்ஸ் + 2ஒய் = 3 என்று இரண்டு சமன்பாடுகளை எழுதுவார். இரண்டு கோடுகள் (1, 2)-இல் வெட்டிக்கொள்ளும் என்பது நமக்குப் பழகிய படம். அவர் அதையே நிரல்களாக, அதாவது மேலிருந்து கீழாக எக்ஸின் எண்கள் தனி, ஒய்யின் எண்கள் தனி என்று பிரித்து, (2, −1)-ஐ ஒரு மடங்கும் (−1, 2)-ஐ இரண்டு மடங்கும் கூட்டினால் (0, 3) வருகிறதா பாருங்கள் என்பார். பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு அடடா என்று நினைத்தேன். அப்படியே ஒரு மாதத்தில் எல்லா வகுப்பையும் பார்த்து முடித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எண்களைப் போட்டு அந்த நிரல் படத்தை நானே வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அவர் போட்ட கணக்குதான் எனக்குத் தெரியும், கணக்கு தெரியாது. அவர் அடுத்த வரியை எழுதுவதற்கு முன் நிறுத்தி, நோட்டில் நீங்கள் எழுதிவிட்டு ஓடவிடுங்கள். நாற்பத்தைந்து நிமிட வகுப்பு இரண்டு மணி நேரம் ஆகும்தான்.

ஒன்றரை மடங்கு வேகம்

வேண்டாம்.

திரையில் தெரிவதுதான் கணக்கு என்று நம்புவது

இதுதான் என்னை இன்னமும் எரிச்சலூட்டுவது, அதனால் கொஞ்சம் நீளும்.

பதினொன்றாம் வகுப்புக்கு நான் எல்லை (லிமிட்) பாடம் நடத்திய முதல் வருடம். (எக்ஸ்² − 4)-ஐ (எக்ஸ் − 2)-ஆல் வகுக்கும் சார்பு, எல்லாப் புத்தகத்திலும் வருவதுதான். எக்ஸ் = 2 என்று போட்டால் பூஜ்ஜியத்தின் கீழ் பூஜ்ஜியம், ஆகவே அங்கே சார்புக்கு மதிப்பு கிடையாது. ஆனால் எக்ஸ் 2-ஐ நெருங்க நெருங்கச் சார்பு 4-ஐ நெருங்கும். மதிப்பே இல்லாத இடத்திலும் எல்லை இருக்கலாம் என்பதுதான் பாடமே, அந்த ஒரு ஓட்டைக்காகத்தான் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? டெஸ்மோஸ் என்ற வரைபடம் போடும் தளத்தில் தட்டி, “வரைபடத்தைப் பார்த்தாலே புரிஞ்சிடும்” என்று பெரிதாகப் போட்டுக் காட்டினேன். வந்தது ஒரு நேர்கோடு. ஓட்டை, விரிசல் ஏதுமில்லாத சுத்தமான நேர்கோடு. மென்பொருள் சில இடங்களில் மதிப்பைக் கண்டுபிடித்து அவற்றைச் சேர்த்துக் கோடு போடுகிறது. விட்டுப்போன ஒற்றைப் புள்ளிக்கு அகலமே கிடையாது, அது எந்தத் திரையில் தெரியும்? கோட்டின் மேல் விரலை வைத்து எக்ஸ் = 2-க்கு நகர்த்தினால்தான் ஒரு சின்ன வெற்று வட்டமும், மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்ற குறிப்பும் வரும். அன்றைக்கு எனக்கே அது தெரியாது.

அரையாண்டுத் தேர்வில் பாதி வகுப்பு எஃப்(2) = 4 என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனேன். ஒருவன் விடைத்தாளோடு வந்து, “சார், நீங்கதானே காட்டுனீங்க, கோடு அந்த வழியாத்தானே போச்சு” என்றான். பதில் இல்லை. திருப்புதலுக்கு ஒதுக்கியிருந்த ஒரு முழு வாரம், எல்லையை முதலிலிருந்து எடுப்பதில் போனது. 1.9, 1.99, 1.999 என்று அட்டவணை போட்டு, கிராஃப் தாளில் அவர்களே வரைந்து, 2-இல் வெற்று வட்டம் வைத்த பிறகுதான் திரையைத் திறந்தேன். இந்தத் தடவை “சார், இது ஓட்டைய காட்டல” என்று அவர்களே கத்தினார்கள்.

இன்னொன்று, உல்ஃப்ராம்ஆல்ஃபா என்ற கணக்குப் போடும் தளத்தில் (−8)-இன் அடுக்கு 1/3 என்று போட்டுப் பாருங்கள். −2 வராது, மெய்ப்பகுதி 1-ம் கற்பனைப் பகுதி √3-ம் கொண்ட கலப்பெண் வரும். அது தப்பு இல்லை, மூன்று கனமூலங்களில் முதன்மை மூலம் எனப்படுவதை எடுக்கிறது. கலப்பெண்ணே படிக்காத பையனிடம் அதைக் காட்டிவிட்டு முழிப்பது நாம்தான்.

சரி, அந்தப் பயிற்சி ஆசிரியருக்கு வருவோம். மறுநாள் அவரிடம், திரையில் தெரியும் மூன்று கோணங்களையும் பிள்ளைகளையே தாளில் கூட்டச் சொல்லுங்கள் என்றேன். ஜியோஜீப்ரா வழக்கமாக இரண்டு தசம இடத்தோடு முழுமையாக்கிவிடும். நாலைந்து தடவை உச்சியை நகர்த்தியதில் 45.33, 67.33, 67.33 வந்தது. கூட்டினால் 179.99. ஒரு குட்டிப் பெண் எழுந்து, “மிஸ், அந்த மீதி எங்க போச்சு?” என்றாள். இழுத்துக் காட்டுவதில் அதற்குப் பதில் கிடையாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டினால்தான் பதில். போட்டார், சாக்பீஸால்.

ஊர் மாறினால் சொல்லும் மாறும் என்பதை மறப்பது

கான் அகாடமி என்ற இலவசப் பாட வீடியோ தளம், சல்மான் கான் என்பவர் 2004-இல் தன் உறவுப் பெண் ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அவள் படித்தது அமெரிக்கப் பள்ளி, அதனால் அதன் சொற்களும் அங்கே புழங்குபவைதான். நம் ஆங்கில வழிப் புத்தகம் டிரப்பீசியம் என்று சொல்லும் சரிவகம் அங்கே டிரப்பிசாய்டு. நேர்கோட்டுச் சமன்பாட்டின் கடைசியில் நாம் சி போடுவோம், அவர்கள் பி போடுவார்கள். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை. வீடியோ அனுப்புவதற்கு முன் பலகையில் இரண்டு பத்தியாகச் சொற்களை எழுதிப்போடுங்கள், பத்து நிமிட வேலை.

விடை சொல்லும் செயலிகளைத் தடை செய்வது

முடியாது. வீட்டுப்பாடத்தை மாற்றுங்கள்: மூன்றாவது வரியில் தப்பு வைத்த கணக்கைக் கொடுத்து, எந்த வரி தப்பு, ஏன் என்று கேளுங்கள். நான் கொடுத்ததில் நான் வைக்காத ஒரு தப்பையும் சேர்த்துக் கண்டுபிடித்தார்கள்.