மோட்டார்ஹோமில் டிவி லிஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரிக்குள் மறைந்திருந்து பட்டனை அழுத்தினால் மேலே எழும் டிவியை மோட்டார்ஹோமில், அதாவது வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டியில், தாங்களே பொருத்திக்கொள்பவர்கள் நிறைய. கோளாறு என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான். அளவெடுக்காமல் பலகை அறுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்துச் செலவு வைப்பவை வேறு.

கேபிளுக்குப் பாதை போடாமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. லிஃப்டைப் பொருத்தி, டிவியை மாட்டி, பட்டனை அழுத்துவார்கள். டிவி மேலே வரும், படம் தெரியும். சரி, வேலை முடிந்தது என்று பின்பலகையைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். டிவி மேலே இருக்கும்போது கேபிள் நீண்டு ஒழுங்காகத்தான் நிற்கும். இறங்கும்போது மிச்சக் கேபிள் எங்கே போய்ச் சுருளும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பாதை இல்லையென்றால் அது நகரும் பாகங்களுக்கு நடுவில் போய் நசுங்கும்.

ஒரு வண்டியில் டிவி பாதி உயரம் வந்ததும் அணைந்துவிடும், முழுதாக ஏறியதும் உயிர் வரும். டிவிதான் பழுது என்று வண்டிக்காரர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அப்போதும் அதே கதை. பின்பலகை ஒட்டியிருந்ததால் அலமாரியின் ஒரு பக்கத்தையே அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே மின் ஒயர், இரும்புத் தாங்கியின் கூர்விளிம்பில் உரசி உரசித் தோல் போய், பாதி இழைகள் அறுந்து செம்பு பளபளத்தது. அந்தத் தாங்கி, பேட்டரியின் நெகட்டிவ் இணைந்திருக்கும் வண்டியின் பாடியோடு போல்ட் போட்டது. ஒயரோ ஃபியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வந்தது. செம்பு இரும்பில் நன்றாகப் பட்டிருந்தால் அலமாரி எரிந்திருக்கும்.

கேபிள் செயின் (கேபிளை உள்ளே வைத்து அதோடு வளைந்து நகரும் பிளாஸ்டிக் சங்கிலி) ஒன்று போட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. அதன் அசையாத முனையை லிஃப்ட் ஏறி இறங்கும் தூரத்தின் நடு உயரத்தில் பொருத்துங்கள். 70 செ.மீ. ஏறும் லிஃப்டுக்கு 35 செ.மீ.யும் வளைவுக்கான நீளமும் கொஞ்சம் உபரியும் போதும். அடியில் பொருத்திவிட்டு, செயின் எட்டவில்லை என்று இழுத்துக் கட்டுபவர்களே அதிகம். ஒயர் பல இழை கொண்டதாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி ஒயர் வளைந்து வளைந்து உள்ளுக்குள் முறியும். ஆன்டெனா கேபிளை மடிக்காதீர்கள். அப்புறம், டிவி இறங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், கேபிள் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். பின்பலகை ஸ்குரூவில்தான் நிற்க வேண்டும், பசையில் அல்ல.

மெல்லிய ஒயர்

லிஃப்ட் திணறி ஏறினால் மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். பேட்டரி 8 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 16 மீட்டர் ஒயர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 6 ஆம்பியர் ஓடும்போது சுமார் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

12 வோல்ட் டிவியை நேராக இணைப்பது

பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட்டைத் தொடும். வீட்டுக்கென்று செய்த 12 வோல்ட் டிவி அதைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நடுவில் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள்.

மெல்லிய பிளைவுட்டில் மர ஸ்குரூ

வேண்டாம். மறுபக்கம் தகடு கொடுத்து, ஊடுருவும் போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட் போடுங்கள்.

டிவியின் பின்புறத்தில் கைக்குக் கிடைத்த ஸ்குரூவைப் போடுவது

டிவியின் பின்னால் தாங்கியை மாட்ட 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் இருக்கும் வேசா துளைகளுக்கு எம்4 (4 மி.மீ. தடிமன்) ஸ்குரூ. நீளம் கூடினால் உள்ளே பேனலைக் குத்திவிடும்.

டிவியை ஏற்றியபடியே வண்டியை எடுப்பது

ஞாபகத்தை நம்பாதீர்கள். டிவி முழுதாக இறங்கினால் மட்டும் அணையும் சுவிட்ச் ஒன்றை அடியில் வைத்து, இக்னிஷன் போட்டதும் கத்தும்படி ஒரு பஸருடன் இணைத்துவிடுங்கள்.