ஸ்டாட்டிக் ஐபி வாங்காமலே கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க: ஐபிவி6 + வயர்கார்டு

வேலூரில், வீடு சத்துவாச்சாரியில், கடை லாங்கு பஜாரில். கடையில் நான்கு கேமரா, ஒரு என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), ஃபைபர் நெட். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை என்விஆருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எல்லாம் சரியாகப் போட்டாகிவிட்டது, ஆனாலும் வெளியிலிருந்து படம் வரவில்லை. லைன்மேனைக் கேட்டால், "ஸ்டாட்டிக் ஐபி போட்டுக்கோங்க சார், அதுக்குத் தனியா சார்ஜ்" என்பார். மாறாத அந்தத் தனி முகவரியைக் காசு கொடுத்துப் போட வேண்டியதில்லை. தேவையான முகவரி பெரும்பாலும் அதே ஃபைபரில் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது, ஐபிவி6 (இணைய முகவரியின் புதிய வகை; பழையது ஐபிவி4) ஆக. வந்த முகவரியை யாரும் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். அதைத் திறந்து, வயர்கார்டு என்ற இலவச விபிஎன் வழியாக, அதாவது போனுக்கும் கடைக்கும் இடையில் போடும் பூட்டிய தனிப் பாதை (டனல்) வழியாகப் படத்தைக் கொண்டுவரப் போகிறோம்.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (கம்பெனி உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினாலோ, புள்ளிக்கு முன் உள்ள முதல் எண் 10 ஆக இருந்தாலோ நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, ஒரே வெளி முகவரியை உங்கள் கடையோடு இன்னும் பல வாடிக்கையாளர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு யாருடைய கடைக்கு என்று கம்பெனியின் பெட்டிக்குத் தெரியாது, அதனால் தூக்கிப் போட்டுவிடும். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, தடுக்கும் கதவு உங்களுடையது அல்ல. ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. 100.64 வரிசையை இந்தப் பங்கீட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள்.

என்விஆர் கம்பெனியின் கிளவுட் ஆப்பில் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். கல்லாப்பெட்டியைக் காட்டும் படம் யாரோ ஒருவருடைய சர்வர் தயவில் உங்களுக்கு வருவதில் ஆட்சேபணை இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம்.

என்ன வேண்டும்

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) ஏற்றக்கூடிய ரூட்டர் ஒன்று. குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம். 8/64 பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், புதிய பதிப்புகளுக்கு இடம் போதாது. ஏற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அதை இங்கே சொல்லவில்லை. போனில் வயர்கார்டு ஆப், டக்டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ்ஸில் (முகவரி மாறினாலும் ஒரே பெயரில் காட்டும் சேவை) ஒரு பெயர். இவ்வளவுதான்.

1. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுங்கள்

ஓஎன்டி என்பது ஃபைபர் வந்து சேரும் கம்பெனிப் பெட்டி. பிரிட்ஜ் மோடில் அது வெறும் பாலமாக நிற்கும், இணைப்பை உங்கள் ரூட்டரே போடும். லைன்மேன் வந்திருக்கும்போதே மூன்று விவரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பிபிபிஓஇ (கம்பெனியோடு இணையும் லாகின் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (லைனில் உங்கள் நெட்டைப் பிரித்துக் காட்டும் எண்). பாஸ்வேர்டு திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும், மாற்றிய பிறகு தேடினால் கிடைக்காது. அப்படியே ஓஎன்டியில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவரையும் (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். ஜிபான் வகை ஃபைபரில் வழக்கமான எல்லை மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 டிபிஎம் வரை. மைனஸ் 25-ஐத் தாண்டி 26, 27 என்று போயிருந்தால் அன்றே சொல்லிச் சரிசெய்யுங்கள். பல நேரம் காரணம் சின்னது: பச்சைக் கனெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் நீலம், அல்லது ஷட்டர் பெட்டிக்குப் பின்னால் டீ டம்ளர் வாயைவிடச் சிறிதாகச் சுருட்டப்பட்ட ஃபைபர்.

பிரிட்ஜ் ஆனதும் உடனே இணைப்பு கிடைக்காமல் போகலாம். பழைய செஷன் அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கும். ஓஎன்டியைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் மேக் பைண்டிங்கை (பழைய பெட்டியின் அடையாள எண்ணோடு இணைப்பைக் கட்டிவைத்திருப்பதை) எடுத்துவிடச் சொல்லுங்கள்.

2. ரூட்டரில் வான் அமைப்பு

நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், வான். புரோட்டோகால் பிபிபிஓஇ. விலான் எண் கொடுத்திருந்தால் டிவைஸ் பெயரோடு புள்ளி வைத்து அந்த எண்ணைச் சேருங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் ஐபிவி6 முகவரி பெறுவதை ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள். இது தானாகவே ஒரு வான்_6 இன்டர்ஃபேஸை உருவாக்கும், ஆகவே முன்பே இருக்கும் வான்6-ஐ அழித்துவிடலாம். இரண்டும் இருந்தால் எது பிரிஃபிக்ஸ் (உங்களுக்கென ஒதுக்கும் முகவரித் தொகுதி) வாங்கியது என்றே குழம்புவீர்கள்.

இன்டர்ஃபேஸ் பக்கத்தில் ஐபிவி6-பிடி என்று ஒரு வரி வரவேண்டும் (பிடி என்றால் பிரிஃபிக்ஸ் டெலிகேஷன், அந்தத் தொகுதியை உங்கள் ரூட்டருக்கு ஒப்படைப்பது). முடிவில் /56 இருந்தால் உள்ளே 256 நெட்வொர்க் பிரித்துக்கொள்ளலாம், /64 என்றால் ஒன்றே ஒன்று. நம் வேலைக்கு ஒன்று போதும். லான் (கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்) அமைப்பில் அசைன்மென்ட் லெங்த் 60 என்று இருப்பதை 64 ஆக்கிவிடுங்கள். பிடி வரியே வரவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையில் "ஐபிவி6 எனேபிள் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், "பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் வேணும்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொல் போனால்தான் புகார் சரியான மேஜைக்குப் போகும்.

இதே இடத்தில் லான் ஐபியையும் மாற்றுங்கள். 192.168.1.1 வேண்டாம். தங்கும் லாட்ஜ், நண்பர் வீடு, எங்கும் அதேதான் இருக்கும், டனல் போட்டாலும் போன் பக்கத்து ரூட்டரையே தேடும். 192.168.47.1 மாதிரி யாரும் வைக்காத ஒன்றை வையுங்கள். என்விஆருக்கு 192.168.47.20 என்று நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

3. வயர்கார்டு

சாஃப்ட்வேர் பக்கத்தில் லூசி-புரோட்டோ-வயர்கார்டு பொதியை நிறுவி ரூட்டரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். செய்யாவிட்டால் புரோட்டோகால் பட்டியலில் வயர்கார்டு தெரியாது. புதிய இன்டர்ஃபேஸ், புதிய சாவி, லிசன் போர்ட் 51820, ஐபி 10.20.30.1/24, ஃபயர்வால் ஸோன் லான். பியர் (மறுமுனை, அதாவது உங்கள் போன்) ஒன்று சேர்த்து அதற்கு 10.20.30.2/32 கொடுங்கள், "ரூட் அலவுட் ஐபிஸ்" டிக் போடுங்கள்.

போன் பக்கம் அலவுட் ஐபியில் 192.168.47.0/24, 10.20.30.1/32 இரண்டு மட்டும். பலரும் 0.0.0.0/0 போட்டுவிட்டு, போனின் மொத்த நெட்டும் கடை வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாகிறது என்று வயர்கார்டைத் திட்டுகிறார்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280. கணக்கு இது: ஐபிவி6 மேல் போகும்போது வயர்கார்டு 80 பைட் எடுத்துக்கொள்ளும், பிபிபிஓஇ 8 பைட். 1500-இல் மிச்சம் 1412 தான். ரூட்டரில் வயர்கார்டின் வழக்கமான 1420 இதைவிட 8 அதிகம். லாகின் பக்கம் வரும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 1412 வைத்தாலே கடைப் பக்கம் சரியாகும். மொபைல் நெட்வொர்க் பக்கம் எவ்வளவு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால் 1280.

கேமராவும் என்விஆரும் ஐபிவி4 மட்டும் தெரிந்தவையாக இருக்கலாமா? இருக்கலாம். ஐபிவி6 வெளியுறை, உள்ளே போகும் கடிதம் ஐபிவி4. என்விஆருக்கு வெளியுறையே தெரியாது.

4. பலரும் இடறுகிற இடம்

ஃபயர்வால் திறக்கப் போகிறவர்கள் பழக்கத்தில் போர்ட் ஃபார்வர்ட்ஸ் பக்கத்துக்குப் போவார்கள். அது நாட் (NAT, ஒரே முகவரியைப் பலர் பங்கிடும் முறை) இருந்தால் போகும் பக்கம், இங்கே நாட் இல்லை. போக வேண்டியது டிராஃபிக் ரூல்ஸ். புரோட்டோகால் யுடிபி, எங்கிருந்து வான், எங்கே "டிவைஸ் (இன்புட்)", போர்ட் 51820, ஐபிவி6 மட்டும், அக்செப்ட். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6 விதிகளை அழித்துவிடாதீர்கள். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் வேலை அதனுடையது, ஐபிவி6-இல் நடுவழி ரூட்டர்கள் பாக்கெட்டை உடைத்து அனுப்பாது.

அடுத்து, போன் கடையைத் தேடிவரும் பெயர். டைனமிக் டிஎன்எஸ் அமைப்பில் முகவரியை வான் இன்டர்ஃபேஸிலிருந்து எடுக்காமல் லானிலிருந்து எடுங்கள். சில கம்பெனிகள் வானுக்குத் தனி ஐபிவி6 முகவரி கொடுக்காமல் பிரிஃபிக்ஸ் மட்டும் தருகின்றன. லான் முகவரி 2-இல் தொடங்கி ::1-இல் முடியும், வெளியிலிருந்தும் எட்டும். பதிவானது எஃப்டி என்றோ எஃப்இ80 என்றோ தொடங்கினால் தவறானதை எடுத்திருக்கிறது, அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும்.

இப்போது எல்லாம் சரி, ஆனாலும் ஹேண்ட்ஷேக் (இரு முனையும் சாவி சரிபார்த்துக்கொள்ளும் முதல் பரிமாற்றம்) வரவில்லை. பெயரைச் சோதித்தால் ஐபிவி6 முகவரி சரியாக வருகிறது. பிங் கூடப் போகிறது. சாவியை நான்கு முறை மாற்றிப் பார்ப்பீர்கள். குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பெயரில் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஐபிவி4 பதிவு, அதாவது ஏ ரெக்கார்டு. பெயரை உருவாக்கும்போதே உங்கள் சிஜிநாட் வெளி முகவரியை அதில் போட்டுவிட்டிருக்கும். ஆண்ட்ராய்டு வயர்கார்டு ஆப் ஒரு பெயருக்கு இரண்டு முகவரியும் கிடைத்தால் ஐபிவி4-ஐத்தான் முதலில் எடுக்கும், நிரலிலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். போன் நேராகப் போய் சிஜிநாட் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும், பிழைச் செய்தியும் இருக்காது. பிரவுசரும் பிங்கும் ஐபிவி6-இல் போவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

தீர்வு: அந்தப் பெயரின் ஐபிவி4 பதிவை காலி செய்யுங்கள், ஐபிவி6-க்கான குவாட்-ஏ ரெக்கார்டு மட்டும் இருக்கட்டும். டக்டிஎன்எஸ்ஸில் ஐபிவி6-ஐ மட்டும் குறிப்பிட்டு அப்டேட் அனுப்பினால் ஐபிவி4-ஐத் தானாகக் கண்டுபிடித்துப் போடாது. இரண்டையும் காலியாக விட்டால் போட்டுவிடும். ரூட்டரில் ஐபிவி4-க்கான டைனமிக் டிஎன்எஸ் வரி இருந்தால் அதையும் டிசேபிள் செய்யுங்கள், இல்லையென்றால் அழித்தது மறுபடி முளைக்கும்.

5. சோதனை

கடை வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். போனுக்கும் ஐபிவி6 வேண்டும். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் உண்டு, இல்லையென்றால் போனின் ஏபிஎன் (மொபைல் டேட்டா) அமைப்பில் புரோட்டோகாலை "ஐபிவி4/ஐபிவி6" என்று மாற்றுங்கள். முதலில் பெயருக்கு பிங். பிங் போகாவிட்டால் சிக்கல் முகவரியிலோ கம்பெனி பக்கமோ இருக்கிறது. பிங் போய் ஹேண்ட்ஷேக் வரவில்லை என்றால் ஃபயர்வால் விதி, சாவி, அல்லது மேலே சொன்ன ஏ ரெக்கார்டு. ஹேண்ட்ஷேக் வந்து படம் வரவில்லை என்றால் என்விஆரின் கேட்வே 192.168.47.1 தானா என்று பாருங்கள். லான் ஐபி மாற்றும்போது அதில் பழையதே தங்கியிருக்கும்.

சேர்த்தது: கரண்ட் போய் வந்தால் நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு. மாதாந்திரப் பராமரிப்புக்கு லைன் நிறுத்தினால் ரூட்டர் திரும்ப வரும்போது பிரிஃபிக்ஸ் மாறியிருக்கலாம். டிஎன்எஸ் சோதனை இடைவெளியை 5 நிமிடமாக வையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது, டனல் இயங்கிக்கொண்டிருக்கும்போது வயர்கார்டு பெயரைத் திரும்ப விசாரிப்பதில்லை. போனில் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். கரண்டே போகாதபடி செய்வது எளிது: ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள், 9 வோல்ட் ரூட்டரில் 12 கொடுத்தால் அன்றோடு சரி. என்விஆருக்குத் தனி யுபிஎஸ்தான், ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இழுக்கும் கரண்டை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. மேயில் வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை, தகரக் கூரைக்கு நேர் கீழே இதில் எதையும் ஆணியடித்து மாட்டாதீர்கள்.

இன்னொன்று: பார்க்கிற பக்கம் ஐபிவி6 இல்லாத ஆபீஸ் வைஃபை என்றால் இந்த முறை வேலை செய்யாது. போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். அதுவும் முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு டெயில்ஸ்கேல். உள்ளே இருப்பது அதே வயர்கார்டுதான், நேர்வழி கிடைக்காதபோது அவர்களுடைய ரிலே (இடைநிலை சர்வர்) வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும். ரிலேயில் போகும்போது நான்கு கேமராவையும் ஒன்றாகத் திறக்காமல் சப் ஸ்ட்ரீமில் (கேமராவின் குறைந்த தரப் படம்) ஒவ்வொன்றாகப் பாருங்கள்.