ஜெனரேட்டர் இருந்தும் இருட்டில் நின்ற இரவு

2023 டிசம்பர் 17. தாமிரபரணி பெருக்கெடுத்தபோது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் குளிர்பதனக் கிடங்கில் கரண்ட் போனது. 62.5 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் ‘பத்து மணி நேரம் ஓடும்’ என்று நம்பியிருந்தோம். ஐந்தாவது மணியில் நின்றுவிட்டது. 120 லிட்டர் டேங்கில் பாதிதான் டீசல் இருந்திருக்கிறது. ரோடெல்லாம் வெள்ளம், பங்க்குக்குப் போக வழியில்லை. உள்ளே இருந்ததெல்லாம் மருந்து. அந்தப் பதைப்பு இன்னும் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும், எலக்ட்ரீசியன் அண்ணாச்சியோடு கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வைத்து லோடை அளந்தேன்: 40 கிலோவாட், அதாவது மணிக்கு 40 யூனிட். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3.3 யூனிட் என்றால், மணிக்கு 12 லிட்டர். இரண்டு கம்ப்ரசரையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். லோடு 26 ஆனது, செலவு மணிக்கு 8 லிட்டர். மூன்று நாளைக்கு 576 லிட்டர். எனவே 200 லிட்டர் பேரல் மூன்று, வெள்ளம் எட்டாத மேடையில். இப்படிப் பேரலில் 2500 லிட்டர் வரை டீசல் வைக்க லைசென்ஸ் தேவையில்லை.

ஜெனரேட்டரையும் மேடையேற்றினோம். டேங்க் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை வடிக்கிறோம், பழைய டீசலை முதலில் எரிக்கிறோம். டேங்க் முக்காலுக்குக் கீழே இறங்க நான் விடுவதே இல்லை.