கானடா ராகங்களைக் காதால் கண்டுபிடிப்பது எப்படி?

இந்துஸ்தானி இசையில் தர்பாரி, அடானா, நாயகி கானடா, ஷஹானா கானடா எல்லாம் கானடா என்ற ஒரே ராகக் குடும்பம். (நம் கர்நாடக இசையின் அடாணாவும் சஹானாவும் வேறு, பெயரை நம்ப வேண்டாம்.) ஆனால் ஸ்வரப் பட்டியலைப் பார்த்து இந்த உறவைக் கண்டுபிடிக்க முடியாது. ஜோன்புரி என்ற ராகத்துக்கும் தர்பாரிக்கும் அதே ஏழு ஸ்வரங்கள், நம் நடபைரவி ராகத்துடையவை. ஆனாலும் ஜோன்புரி கானடா இல்லை. ஷஹானாவுக்கு தைவதமே வேறு, ஆனால் அது கானடா! உறவு இருப்பது பிடியில்தான், அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் சின்ன ஸ்வரக் கோவையில்.

1. ஒரு கட்டை சுருதியில் தம்புரா ஆப்பைப் போடுங்கள். சாதாரண காந்தாரத்தை (தாழ்ந்த வகை க) பிடித்து க–ம–ரி–ஸ என்று பாடுங்கள். காந்தாரத்திலிருந்து நேரே ரிஷபத்துக்கு இறங்காமல், ஒரு எட்டு மேலே மத்யமத்துக்குப் போய்விட்டு இறங்குகிறது அல்லவா? அந்த வளைவுதான் கானடா. அப்புறம், கைசிகி நிஷாதத்திலிருந்து (தாழ்ந்த வகை நி) தைவதத்தைத் தொடாமல் பஞ்சமத்துக்கு வழுக்கும் நி–ப. இரண்டையும் அலுக்கும்வரை பாடுங்கள்.

2. இப்போது உஸ்தாத் அமீர் கான் பாடிய தர்பாரி. அவசரமே கிடையாது, பெரும்பாலும் மந்திர ஸ்தாயிதான் (கீழ் ஸ்தாயி). காந்தாரமும் தைவதமும் மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் இந்த அசைவு வராது. காந்தாரம் அங்கே இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தும் ஒலிக்கும். அதனால் வாயால் பாடித்தான் பழக வேண்டும்.

3. அதே ஸ்வரங்கள் அசைவில்லாமல் துள்ளி, தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) ஸட்ஜத்தைச் சுற்றியே வந்தால் அடானா.

4. அடுத்து தைவதத்தைத் தேடுங்கள். அடியோடு இல்லையா, நாயகி கானடா. சதுச்ருதி தைவதத்தோடு (உயர்ந்த வகை த) நி–த–நி–ப என்று வந்தால் ஷஹானா. இந்துஸ்தானிக்காரர்கள் இதைத்தான் 'சுத்த' தைவதம் என்பார்கள்; நம் சுத்த தைவதமோ தாழ்ந்தது, குழம்ப வேண்டாம். நம் ஊர் ஆபோகியிலிருந்து போன ஆபோகி கானடாவில் பஞ்சமம், நிஷாதம் இரண்டும் கிடையாது. நி–ப எப்படி வரும்? க–ம–ரி–ஸ ஒன்றுதான் அடையாளம். அதையும் விட்டுவிட்டு வெறும் ஆபோகி என்று பாடுகிறவர்களும் உண்டு.

5. க–ம–ரி–ஸ கேட்டதும் கானடா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கானடா அல்லாத மியான் கி மல்ஹார் ராகத்திலும் இந்தப் பிடி வரும். நி–த–நி–ஸ என்று கைசிகி, காகலி (உயர்ந்த வகை) இரண்டு நிஷாதமும் அடுத்தடுத்துக் கேட்டால் அது மல்ஹார்.