வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு ஹெரால்டு: வீட்டுக்குக் கொண்டுவந்து மீட்டெடுக்கும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துப் பழைய வீடுகளில், கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகையை ஒட்டி, காற்றிறங்கிய டயர்களோடு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்பதை இன்றும் எப்போதாவது பார்க்கலாம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. இதன் மூலவடிவமான டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அதே சேஸிஸ் (அடிச்சட்டம்) அமைப்பைக் குறுக்கி, இரண்டு இருக்கைகளோடு 1962-ல் செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆகவே நம் ஊர் ஹெரால்டு, பார்வைக்குக் குடும்பக் காராகத் தோன்றினாலும், எலும்பளவில் ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பு. முன்சக்கரத் தொங்கல் முதல், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியல் வரை பல பாகங்களுக்கு இங்கிலாந்தில் இன்றும் புது உதிரிகள் கிடைப்பதற்கு அந்த உறவே காரணம்.

இந்த வண்டியை மீட்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கத் துடிக்கிறார்கள். டெல்டாவில் அது தலைகீழான வரிசை. இங்கே வண்டியைக் கொல்வது ஓட்டமன்று, ஈரம். ஈரம் முதலில் தின்பது சேஸிஸையும், பிரேக்கையும், ஒரு சிறிய வெண்கலப் பாகத்துக்குள் திருகி நின்று முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டையும்தான். எஞ்சின் கடைசியாகக் காத்திருக்கட்டும்.

பார்க்கப் போகும் நாள்

காலை வெளிச்சத்தில், ஒரு தட்டை ஸ்குரூடிரைவர், டார்ச், சிறு காந்தம் ஆகியவற்றோடு செல்லுங்கள். ஹெரால்டின் உடல் தனி, சேஸிஸ் தனி. நடுவே ஓடும் இரண்டு தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் மேல், உடல் பல துண்டுகளாகப் போல்ட்டில் நிற்கிறது. அந்தப் பக்கக் கைகள், டிக்கிக்குக் கீழே நீளும் பகுதி, டிஃபரன்ஷியலை ஒட்டிய தண்டு, எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச்சுவரின் அடிமூலைகள் ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். துரு பொரிந்து உதிர்ந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் கவலையில்லை. முனை உள்ளே போய்விட்டால் அங்கே புது இரும்பு வைக்க வேண்டும். சேஸிஸின் முன்பாதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் ஒழுகிய எஞ்சின் ஆயில் அதைப் பூசிக் காத்திருக்கும். இந்த எஞ்சின்களின் ஒழுக்கு செய்த ஒரே நன்மை அது.

அடுத்து வெள்ளத்தின் தடம். கொட்டகைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறதென்று பார்த்து, அதை வண்டியின் சக்கர அச்சோடு ஒப்பிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் இடத்தில் வண்டல் படிந்திருந்தாலோ, டிஃபரன்ஷியல் ஆயில் டீயைப் போலப் பால்நிறமாக வந்தாலோ, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரைகடந்த பகுதிகளில், கூரை விழுந்து அமுங்கிய வண்டிகளையும், உப்புக்காற்றில் கதவின் அடிவிளிம்பு சல்லடையாகிப்போன வண்டிகளையும் எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

விலையை முடிவுசெய்ய வேண்டியவை சேஸிஸும் காகிதமும்தான். பளபளப்புக்குப் பணம் தராதீர்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இருந்தால் பெயர் மாற்றப் படிவம் 29, 30. அவர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுப் பெயருக்கு மாற்றப் படிவம் 31. வாரிசுகள் நான்கு பேர் என்றால் நால்வரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, அப்பா வண்டி, வீணாத்தானே கெடக்கு" என்று சொல்வது மனத்தைத் தொடும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது செல்லாது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி விண்டேஜ் பதிவு பெறலாம்: புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. வேறு எஞ்சினைப் பொருத்திக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஏற்றிவருதல்

சக்கரம் இறுகிப்போன வண்டியை டிராக்டரில் கட்டி இழுக்கக் கூடாது. பிரேக் டிரம்மின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, தேவைப்பட்டால் டிரம்மையே கழற்றி, டயர்களில் வேறு டியூப் போட்டுக் காற்றடித்து, கையால் தள்ளினால் உருளும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அசைக்க வேண்டும். ஹெரால்டு ஏறத்தாழ 13 அடி நீளம். 14 அடித் தளமுள்ள லாரியில் அடங்கும். ஏற்றும் மேடை தேட வேண்டியதில்லை. வாய்க்கால் கரைச்சரிவிலோ களத்துமேட்டிலோ லாரியைப் பின்னோக்கி நிறுத்தினால் தளம் தரைமட்டத்துக்கு வந்துவிடும். செயின் பிளாக்கைச் சேஸிஸில் மாட்டி மெல்ல ஏற்றுங்கள். பின்னால் ஒருவரும் நிற்க வேண்டாம். வண்டியின் மூக்கு லாரியின் கேபினைப் பார்த்திருக்கட்டும். இந்த வண்டியின் பானெட், மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பது. பின்னோக்கி ஏற்றினால், தாழ்ப்பாள் தேய்ந்த பானெட்டின் விளிம்புக்கடியில் காற்று புகுந்து தூக்கிவிடும்.

உட்புறத்தில் கை வைக்குமுன் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். இருக்கைப் பஞ்சு வயலெலிகளின் வீடு; அவற்றின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். எலி இருக்குமிடத்துக்கு அதைத் தேடிப் பாம்பு வருவதும் உண்டு என்பதால், இருக்கையை முதலில் நீளக் கழியால் தட்டிப் பார்ப்பது நல்லது.

சேஸிஸைச் சரிபார்த்தல்

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தினது என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். உடலைத் தூக்குவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டையை வெல்டு செய்து இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் துருப்பிடித்த தளம் வளைந்து, திரும்ப வைக்கும்போது கதவு மூடாது.

சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனாரின் பொருள்கள் போதும். சிமெண்டுத் தரையில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சேஸிஸை வைத்து, ரசமட்டத்தால் மட்டம் பிடியுங்கள். பின்பு முன்சக்கரத் தாங்கிகள், பின்பக்க ஸ்பிரிங் இருக்கை, உடல் போல்ட் ஓட்டைகள் ஆகியவற்றிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். சேஸிஸை நகர்த்திவிட்டுக் குறிகளுக்கிடையே மூலைக்கு மூலை அளந்தால், இரண்டு குறுக்களவுகளும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். மனை பிடிப்பவர் கயிறு போட்டுப் பார்ப்பதும் இதே கணக்குதான். அளவு ஒத்துவராமல் வெல்டிங்கைத் தொடங்கினால், கோணலை நிரந்தரமாக்கியதாகும்.

சிறு பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பால் எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில், 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவிலும் பழைய இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் இணைத்து ஓரிரவு விட்டால், துரு கருஞ்சேறாக உதிர்ந்துவிடும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளை இதில் போட வேண்டாம். ஹைட்ரஜனால் அவை நொறுங்கும் தன்மையடையும்.

டிரனியன்

இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம் உண்டு என்றால் இதைத்தான் எழுதுவேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் கீழ்முனையில் திருகுப்புரி இருக்கும். அது டிரனியன் என்னும் வெண்கலப் பாகத்துக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தப் புரிக்குள் சுழல்கிறது. அங்கே வேண்டியது 90-ம் எண் கியர் ஆயில், கிரீஸ் அன்று. கிரீஸ் மேலே கட்டியாக நின்றுவிடுவதால், கீழ்ப்புரி காய்ந்து, ஈரம் ஏறி, எஃகு அரிக்கப்பட்டு, ஒருநாள் தண்டு அந்த இடத்திலேயே முறியும்.

என் வண்டிக்கு அது நடந்தது. ஒரு பட்டறையில் "எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சாச்சு சார்" என்று சொன்னதை நம்பி எடுத்துவந்தேன். மூன்று மாதம் கழித்து வடுவூருக்கு அருகே வடவாற்றங்கரை வளைவில், நடை வேகத்தில் திரும்பும்போது, இடது முன்சக்கரம் படுத்துவிட்டது. முறிந்த முகத்தைப் பார்த்தேன்: விளிம்பெல்லாம் பழைய துருவின் கறுப்பு, நடுவில் ஒரு சுண்டுவிரல் தடிமனுக்கு மட்டும் புதிய வெள்ளை. அந்தச் சுண்டுவிரலளவு இரும்பில்தான் அதுவரை ஓடியிருக்கிறேன்.

ஆகையால் வண்டி வந்ததும் தண்டு, டிரனியன் இரண்டையும் கழற்றிப் புரிகளைக் கம்பித்தூரிகையால் துலக்கிப் பாருங்கள். குழியோ வெடிப்போ தென்பட்டால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இடமும் வலமும் ஒன்றல்ல. புரியின் திசை மாறும். பூட்டும்போது முழுதும் திருகிவிட்டு, ஸ்டியரிங் இருபுறமும் கடைசிவரை திரும்ப இடமிருக்கும் அளவுக்குப் பின்னுக்கு எடுங்கள். பழைய கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேல்விளிம்பில் ஆயில் கசியும்வரை அடியுங்கள். நாச்சியார்கோயில் பட்டறைகளில் வார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கழன்றுபோன பெயர்ப்பட்டையை அங்கே வார்த்து வாங்கலாம், அழகாகவே வரும். குத்துவிளக்குக்கு ஏற்ற கலவையின் மேல் முன்சக்கரத்தை நிறுத்தக் கூடாது.

பிரேக், பெட்ரோல், எஞ்சின்

பழைய ஹெரால்டின் பிரேக் ஒற்றைச் சுற்று; ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரமும் போகும். எஃகுக் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டுச் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எதையும் நம்பி மீண்டும் மாட்ட வேண்டாம். ஹேண்ட் பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

டிக்கியிலுள்ள பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாய்களை எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைப்பதோடு, நம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுவதே மேல்.

இப்போது எஞ்சின். 948 சி.சி. நான்கு சிலிண்டர், எளிமையானது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிறிது ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் மாட்டி முன்னும் பின்னுமாக அசையுங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம். சுழலத் தொடங்கியதும் ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்புறக் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது முன்பின்னாகக் கால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஓட்டினால் கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து கெடும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. டேப்பெட் இடைவெளி 0.010 அங்குலம், பாயிண்ட் 0.015, பிளக் 0.025. முதலில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுழற்றி ஆயில் அழுத்தம் வந்ததை உறுதிசெய்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

எலி கடித்த ஒயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். பேட்டரி இணைக்குமுன், வண்டி பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைவதா என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பல அப்படித்தான்.

பெயின்ட்டும் காலமும்

கழற்றுதல், அளத்தல், உதிரி தேடுதல் போன்ற வேலைகளுக்கு ஐப்பசி, கார்த்திகை ஏற்ற மாதங்கள். டிங்கரிங்கும் பெயின்டும் தை பிறந்த பின்பு. அடைமழைக் காலத்தில் தேய்த்துத் துலக்கிய தகடு மறுநாள் காலைக்குள் செம்பழுப்பாகிவிடும். ஆகவே எந்தக் காலமானாலும் துலக்கிய அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். ஈரக்காற்றில் அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெண்புகை படிந்ததுபோல மங்கும். எத்தனை பாலிஷ் போட்டாலும் ஆழமாகப் படிந்தது போகாது. சேஸிஸ் தண்டுகளின் உட்புறத்துக்கு மெழுகுப்பூச்சைக் குழாய்வழி செலுத்துங்கள். அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைப் பெயின்ட் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில், மதகடிகளில் வரும் சடார் வளைவுகளை நிதானமாக எடுங்கள். பின்சக்கரங்கள் ஊசல் அச்சில் தொங்குபவை. வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்வாங்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி என்பதால், அக்ரகாரத்துக் குறுந்தெருவில்கூட அனேகமாக ஒரே மூச்சில் திருப்பிவிடலாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் உடல் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். டிரனியனுக்கு ஆடியிலும் தையிலும் ஆயில் அடியுங்கள். மழைக்கு நிறுத்தும்போது தார்ப்பாயை நேரடியாகப் போர்த்த வேண்டாம். அடியில் ஈரம் கட்டிக்கொள்ளும். கூரைக்குக் கீழே, செங்கல் பரப்பிய தரையில், கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு நிறுத்துங்கள். வைக்கோல் போர் எதிர்மூலையில் இருக்கட்டும்.