இங்கிலீஷ் வெர்ப் வகைகள்: வாக்கியத்தையே கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்போம்

சேலத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ், ஆக்ஸிலியரி என்று வகைகளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைகளே, ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "இதில் வெர்ப் எது?" என்றால் திணறுகிறார்கள். அதனால் பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காலத்தை மாற்றிப் பாருங்கள்

'தி பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று எழுதுங்கள். அதில் 'யெஸ்டர்டே' சேர்த்தால் எந்தச் சொல் உருமாறுகிறது? ஸ்டாப்ஸ், ஸ்டாப்ட் ஆகிறது. அதுதான் வெர்ப்.

தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். 'என் ஊர் சேலம்', 'அவர் கண்டக்டர்' இரண்டுமே முழு வாக்கியங்கள். இங்கிலீஷில் 'ஹி ஈஸ் எ கண்டக்டர்' என்றால்தான் முடியும். புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் சொல் இந்த ஈஸ்தான்.

இரண்டாம் படி: செயலா, இணைப்பா?

சந்தேகமான வெர்பை எடுத்துவிட்டு ஆம், ஈஸ், ஆர் மூன்றில் பொருந்துவதைப் போடுங்கள். கோடை மழை பெய்ததும் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிச் செடி வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். 'தி ஃப்ளவர்ஸ் ஸ்மெல் ஸ்வீட்' என்பதை 'தி ஃப்ளவர்ஸ் ஆர் ஸ்வீட்' என்று மாற்றினாலும் வாக்கியம் நிற்கிறது. இது லிங்கிங் வெர்ப். 'ஐ ஸ்மெல் தி ஃப்ளவர்ஸ்' என்பதை அப்படி மாற்றினால் நானே பூ என்று ஆகிவிடும். இது ஆக்ஷன் வெர்ப். ஒரே சொல்தான், வேலை வேறு.

மூன்றாம் படி: 'எதை?', 'யாரை?' என்று கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே லாரி வருகிறது. பஸ் நின்றது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். நாம் நின்றது, நிறுத்தினார் என்று வினையையே மாற்றிச் சொல்கிறோம். உடைந்தது, உடைத்தான், உருண்டது, உருட்டினான் எல்லாம் அப்படித்தான். இங்கிலீஷில் 'தி பஸ் ஸ்டாப்ட்', 'தி டிரைவர் ஸ்டாப்ட் தி பஸ்' என இரண்டுக்கும் ஒரே ஸ்டாப்ட். வெர்பை மட்டும் பார்த்தால் வகை தெரியாது. டிரைவர் எதை நிறுத்தினார்? பஸ்ஸை. பதில் வந்தால் டிரான்சிட்டிவ், நம் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை. பதிலுக்கு இடமே இல்லையென்றால் இன்டிரான்சிட்டிவ். 'வீ வென்ட் டு ஏற்காடு' என்பதில் ஏற்காடு 'எங்கே?' என்ற கேள்விக்குத்தான் பதில், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன வாரம் ஒரு மாணவியிடம் "டிட் யூ பை தி நோட்புக்?" என்றேன். "யெஸ், ஐ பாட்" என்றாள். தமிழில் "வாங்கிட்டேன்" போதும், எதை என்பது கேட்பவருக்கே தெரியும். இங்கிலீஷில் அந்த பாட் அந்தரத்தில் தொங்கும். 'ஐ பாட் இட்' என்று அந்தக் குட்டி இட்டைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

நான்காம் படி: துணைக்கு யாராவது இருக்கிறார்களா?

பீ, டூ, ஹேவ் மூன்றும் தனியாகவும் வரும், இன்னொரு வெர்புக்குத் துணையாகவும் வரும். துணையாக வந்தால் அதுதான் ஆக்ஸிலியரி. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதும் மோடல்கள், இவையும் துணை வெர்புகள்தான். டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்ளும், முக்கிய வெர்ப் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் யூ வென்ட்' தவறு, 'டிட் யூ கோ' சரி. மோடலுக்குப் பின்னும் அப்படியே: 'ஷி கேன் சிங்'.

ஐந்தாம் படி: ரெகுலரா, இர்ரெகுலரா?

இறந்தகாலத்தில் ஈ-டி சேர்ந்தால் ரெகுலர். உச்சரிப்பை மட்டும் கவனியுங்கள்: வாக்ட், வெயிட்டட். கோ, வென்ட், கான் போன்ற இர்ரெகுலர்களை நாளுக்கு ஐந்தாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தே பிரிப்போம்: 'தி டிரைவர் ஹேட் ஸ்டாப்ட் தி பஸ் பிகாஸ் ஹி வாஸ் டயர்ட்.' ஹேட் துணை. ஸ்டாப்ட் முக்கிய வெர்ப். எதை என்றால் பஸ்ஸை, ஆக டிரான்சிட்டிவ். ஈ-டி இருப்பதால் ரெகுலர். அப்புறம் வாஸ், லிங்கிங். டயர்டிலும் ஈ-டி இருக்கிறதே என்று அதையும் வெர்பாக எண்ணிவிடாதீர்கள். அது இங்கே டிரைவரின் களைப்பைச் சொல்லும் அட்ஜெக்டிவ்.